அரம் போட்ட பல்

வேடியப்பன் யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். முதல் தடவை அவர் என்னோடு பேசியபோது, காலையில் சாப்பிட்ட கீரை பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிக்கொண்டே பதில் சொன்னேன். அது அவருடைய தொழில் பழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மாட்டுத் தரகர்.

நான் மலைமேல் காவலூர்ப் பக்கத்தில் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவன். எங்களுக்குப் பால் ஊற்றும் வீடுகளில் பாதி வீட்டு மாடு வேடியப்பன் கைபட்டு மலையேறியதுதான். என் வீட்டுப் பசுவும் அப்படி வந்ததே. குடம் வழியக் கறக்கும் என்று சொல்லித்தான் பிடித்துக் கொடுத்தார். குடத்தின் அடி நனைகிறது. கறவை விஷயத்தில் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது மலை முழுக்கத் தெரிந்த சங்கதி. அவருக்கும் தெரியும். அதற்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் பல் விஷயத்தில் பொய் சொல்லமாட்டார். மாட்டுக்கு முன்வாயில் கீழ்வரிசைப் பல் மட்டும்தான். மேலே வெறும் ஈறு. அந்தக் கீழ்வரிசையில் பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாகப் புதுப்பல் முளைப்பதை வைத்து வயதைச் சொல்லிவிடுவார்கள். வேடியப்பன் இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலை வாயோரம் பல்லில்லாத இடத்தில் நுழைத்து, உதட்டைக் கீழே தள்ளி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். இரண்டு பல், நாலு பல், கடைசி ஜோடியும் முளைத்துக் கடை சேர்ந்தது, கிழடு, எதுவானாலும் விற்கிறவர் வாங்குகிறவர் இரண்டு பேர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வார். மற்றத் தரகர்கள் ஒரு பக்கத்துக் காதில் மட்டும்தான் ஓதுவார்கள். சந்தையில் விலை பேசுவது துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மறைவாக நடக்கிற காரியம். பல்லை மட்டும் துண்டுக்கு வெளியே வைத்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

இதனால் அவருக்கு ஒரு பகையும் உண்டு. சின்னராஜ் என்று இன்னொரு தரகர். வயதில் வேடியப்பனைவிடச் சிறியவர், பேச்சில் பெரியவர். சில வருஷங்களுக்கு முன்னால் அடிவாரச் சந்தையில் ஓர் உழவு மாட்டை, இப்போதுதான் கடை சேர்ந்தது என்று சொல்லி ஒரு மலைக்காரருக்குத் தள்ளிவிடப் பார்த்தார். மாடு பார்க்க வாட்டசாட்டமாக இருந்தது. வாங்க வந்தவருக்கு ஏதோ நெருடி, வேடியப்பனைக் கூப்பிட்டார். வேடியப்பன் உதட்டைத் தள்ளிப் பார்த்தார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாகப் பல்லின்மேல் விரலை வைத்துத் தடவினார். கிழட்டு மாட்டுக்குப் பல் நீண்டு, சந்து விட்டு, குச்சி குச்சியாக நிற்கும். அதை அரத்தால் தேய்த்து மட்டம் பண்ணி வைத்திருந்தார்கள்.

“அரம் போட்ட பல்லு,” என்றார் வேடியப்பன். சந்தையில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாடு வந்த வழியே திரும்பிப் போயிற்று. சின்னராஜ் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

அந்தச் சொல் மட்டும் சந்தையிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டது. தலைக்கு மை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனவர் அரம் போட்ட பல். பழைய டிராக்டருக்குப் பெயின்ட் அடித்து விற்றவர் அரம் போட்ட பல். எங்கள் சொசைட்டியில் யாராவது பாலில் தண்ணீர் விட்டால், பின்னால் நிற்கிறவர்கள் “அரம் போட்ட பாலு” என்று சிரிப்பார்கள். ஒரு மனிதரின் வாயிலிருந்து விழுந்த வார்த்தை இப்படி ஊர்ச்சொத்து ஆவது சின்ன விஷயமில்லை. வேடியப்பனுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு. யாராவது அவர் எதிரில் அதைச் சொன்னால், காதில் விழாததுபோல மலையைப் பார்ப்பார்.

இவ்வளவையும் முன்கதையாகச் சொல்லக் காரணம், போன வருஷம் அவர் பல்லே விரிசல் விட்டதுதான்.

புளி உலுக்குகிற காலம். அவருக்குச் சாமை விளைகிற ஒரு துண்டு நிலமும் அதன் வரப்பில் சில புளியமரங்களும் உண்டு. நிலத்தையும் மரத்தையும் மனைவி பச்சையம்மாதான் பார்த்துக்கொள்கிறார். இவருக்குச் சந்தையே கதி. புளி வந்துவிட்டால் மலையில் வீட்டுக்கு வீடு புளியங்கொட்டை வறுபடும். வறுத்துத் தோல் நீக்கின கொட்டை கூழாங்கல் மாதிரி இருக்கும். கன்னத்தில் அடக்கி ஊறவிட்டுத்தான் கடிக்க வேண்டும். வேடியப்பனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சட்டைப் பையில் ஒரு பிடி போட்டுக்கொண்டு கடகடவென்று கடித்துக்கொண்டே நடப்பார். ஒருநாள் அப்படிக் கடித்ததில் வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது. அதோடு கொட்டையைத் துப்பிவிட்டார். ஆனால் வலி துப்பினால் போகிற இடத்தில் இல்லை.

கிராம்பை வைத்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கினார். வாரம் ஆக ஆக வெந்நீர் பட்டாலும் வலி, பச்சைத் தண்ணீர் பட்டாலும் வலி. கன்னம் வீங்கிப் பேச்சு குழறியது. கடைசியில், பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

“புடுங்கிட்டு அப்புறம் எத்தால மெல்லுவ?” என்று கேட்டார் பச்சையம்மா.

இடதுபக்கக் கடைவாய்ப் பற்களை எப்போதோ ஒரு மருத்துவ முகாமில் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அவர். அன்று வலி போனதே பெரிது என்று இருந்துவிட்டார். மிச்சமிருந்த வலதுபக்கத்தில் முழு பாரமும் தாங்கியது இந்த ஒரு பல்தான். இதுவும் போனால் கறி இல்லை, கடலை இல்லை, கம்பு ரொட்டி இல்லை. மெல்ல முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வாய் போன மாடு வைக்கோலை உருண்டையாக்கி வெளியே தள்ளும். வயிறு ஒட்டும். கடைசியில் அடிமாட்டு லாரி ஏறும். அப்படிப்பட்ட மாடுகளை லாரிக்குப் பேசி ஏற்றிவிட்டவர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் பயந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது பச்சையம்மா. காலையில் பால் ஊற்ற வருகிறபோது அவர் கேனோடு வீட்டுக் கதையும் கொண்டுவருவார். இந்தக் கதையில் பாதி அவர் கொடுத்ததுதான்.

திருப்பத்தூரில் பல் டாக்டர் மெர்சிலின் என்று ஒரு பெண்மணி. அடிவாரத்தில் சர்ச் மணியும், மாதா சிலை வைத்த கல் கெபியும் உள்ள ஒரு கிராமத்திலிருந்து படித்து வந்தவர். வேடியப்பன் அங்கே போனார். நாற்காலியில் சாய்த்ததும் டாக்டர் செய்த முதல் காரியம், கட்டைவிரலால் அவர் உதட்டைக் கீழே தள்ளிப் பார்த்ததுதான். “பழகின கைப்பா அது,” என்று பிறகு வேடியப்பன் என்னிடம் சொன்னார். அந்த ஒரு தள்ளலிலேயே டாக்டர் மேல் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பல்லில் விரிசல், உள்ளே நரம்பு சீழ் பிடித்திருக்கிறது, ஆனால் வேர் நன்றாக இருக்கிறது, பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அதன்படி சில நடை பஸ்ஸில் மலையிறங்கிப் போய்வந்தார். பல்லின் நடுவில் துளை போட்டு, கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். வலி அடியோடு போயிற்று. மருத்துவம் முடிந்தது என்று அவர் எழுந்து செருப்பைத் தேடியபோதுதான் டாக்டர் அடுத்ததைச் சொன்னார்.

“வலி போய்டுச்சின்னு விட்டுடாதீங்க ஐயா. நரம்ப எடுத்துட்டோம், இனிமே அது காய்ஞ்ச கட்ட மாதிரிதான். ஏற்கெனவே விரிசல் இருக்குது. அழுத்திக் கடிச்சா ரெண்டா பொளந்துக்கும். சுத்தி அராவிட்டு மேல ஒரு கேப் போட்டுடணும்.”

“அராவறதுன்னா?”

“நாலு பக்கமும் கொஞ்சம் தேய்ச்சி எடுக்கறதுங்க. கேப்பு உக்கார எடம் வேணும் இல்ல?”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டாக்டர் சொன்னதில் எதுவும் பிசகு இல்லை. ஆனால் வேடியப்பன் காதில் அதில் இரண்டு வார்த்தைதான் தங்கியது. ஒன்று அராவுவது. இன்னொன்று கேப்.

கேப் என்றால் அவர் புரிந்துகொண்டது கொம்புக் குப்பியை. பொங்கலுக்கு மாட்டின் கொம்புக்கு வண்ணம் அடித்து நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும், பிறகு கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். “குப்பி போடலன்னா மாடு ஏர் இழுக்காதா?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. டாக்டர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படமும் அவர் கட்சிக்கே சாட்சி சொன்னது. அதில் ஒரு பல்லின் தலையில் ராஜா கிரீடம் வைத்து, கீழே பற்கிரீடம் என்று எழுதியிருந்ததாம். கடைவாயில் இருட்டில் கிடக்கிற பல்லுக்குக் கிரீடம் வைத்து அது எந்த ஊரை ஆளப்போகிறது? இங்கிலீஷில் ஒரு பெயர், அதை அப்படியே பெயர்த்து இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டு, ஜனங்களுக்குப் புரியவில்லை என்று குறைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

குப்பிகூடப் பெரிய விஷயம் இல்லை. அவர் தொண்டையில் சிக்கினது அரம்தான். மலை முழுக்க ஊரானைப் பார்த்து அரம் போட்ட பல் என்று சொல்ல வைத்தவர், தன் பல்லுக்கே அரம் போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு சந்தைக்குள் நுழைவார்? உள்வாயில் இருப்பது யார் கண்ணில் படப்போகிறது என்றேன். “சின்னராசு மோப்பம் புடிச்சிடுவான்,” என்றார். “என் பேரே அந்த ஒரு வார்த்தைலதான் நிக்குது. அத்த எடுத்துட்டா நான் யாரு? பால் கறக்கும்னு பொய் சொல்ற இன்னொரு தரகன்.”

அது உண்மை. என் பசுவே அதற்குச் சாட்சி.

இப்படியாக ஒரு பக்கம் பல், ஒரு பக்கம் பேர். அவர் பேரைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார். டாக்டர் வீட்டிலிருந்து போன் வந்தது. மலையில் டவர் இல்லை என்றார். அடுத்த தடவை வந்தது. மாடு கன்று போடுகிறது, பிறகு வருகிறேன் என்றார். அப்புறம் அந்த நம்பரைப் பார்த்தாலே போனைப் பச்சையம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். வலி இல்லாத பல் நல்ல பல் என்பது அவர் கணக்கு. பழையபடி கறியை அந்தப் பக்கம் தள்ளி மென்றார். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று பச்சையம்மாவிடம் பல்லைக் காட்டினார்.

ஆடி போய்ச் சாமை அறுப்பு வந்தது. அவர்கள் ஊரில் சாமிக்குப் பொங்கல் வைக்கிற சாமையை மெஷினில் அரைக்கக் கூடாது, உரலில் குத்தித்தான் எடுக்க வேண்டும் என்று வழக்கம். மற்ற நாளில் மூலையில் கிடக்கிற உலக்கை அந்த வாரம் மட்டும் வெளியே வரும். வந்து பார்த்தால் அதன் அடியில் இருந்த இரும்புப் பூண் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. பூண் இல்லாமல் குத்தினால் கட்டை பிளந்துவிடும் என்று பச்சையம்மா இரண்டு தடவை சொன்னார். இப்படிப்பட்ட வேலையில் வேடியப்பன் சுணங்கமாட்டார். அன்றைக்கே உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைக்குப் போய், அடியைச் சுற்றிச் செதுக்கச் சொல்லி, பூணைப் பழுக்கக் காய்ச்சி இறக்கி, தண்ணீர் ஊற்றி இறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பொங்கலும் ஆயிற்று. சாமி கும்பிட்டு, இலையில் சாமைப் பொங்கலும் கறிக்குழம்புமாக உட்கார்ந்தார். குத்தின சாமையில் எவ்வளவு புடைத்தாலும் ஒன்றிரண்டு கல் தப்பி வரும். அதில் ஒன்று அவர் வலதுபக்கத்தைத் தேடிப் போயிற்று. சத்தம் பக்கத்து இலைக்காரருக்கே கேட்டதாம். வாயில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். பல்லின் கன்னப்பக்கத்துச் சுவர் அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. வலி இல்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கியது. உயிர் இருந்தால் வலித்திருக்கும் என்று தோன்றிவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தார்.

இந்தத் தடவை பச்சையம்மா கூடவே போனார். தனியாக அனுப்பினால் வழியில் எந்தத் தொழுவத்திலாவது நின்றுவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

டாக்டர் மெர்சிலினுக்குக் கோபம் இருந்தது, காட்டவில்லை. உடைந்த இடத்தைக் கருவியால் தட்டிப் பார்த்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு மேலேயே உடைந்தது உங்கள் நல்ல காலம் என்றார். கீழே வேர் வரை பிளந்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லையாம். இப்போதும் மிச்சம் இருப்பது போதும், உடைந்த பக்கத்தைச் சிமெண்டால் கட்டி நிரப்பி, சுற்றி அராவி, கேப் போட்டுவிடலாம் என்றார். வேடியப்பன் மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பச்சையம்மா அதுவரை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கிட்டே வந்தார்.

“ஏம்மா, கேப்பு கேப்புங்கறீங்களே. நம்ப உலக்கைக்குப் போடறமே பூணு, அது மாதிரிங்களா?”

டாக்டர் கையுறையைப் பாதி கழற்றியபடி நின்றார். அவருக்கும் ஊரில் வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் உலக்கை இருந்திருக்கும். “அதேதாங்க,” என்றார். “பூண்தான். கட்ட பொளந்துக்காம இறுக்கிப் புடிக்கறதுக்கு.”

வேடியப்பன் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார். “பூணா?”

“ஆமாங்க ஐயா.”

காற்றில் உலக்கையைப் பிடிப்பதுபோலக் கையை வளைத்துப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: “பூண் எறக்கணும்னா அடிய செதுக்கித்தான ஆவணும். செதுக்காம எப்பிடி உக்காரும்? நான் இத்தினி நாளா குப்பின்னு நெனச்சிக்கினு கீறேன்.”

டாக்டருக்குக் குப்பி என்ன என்று புரியவில்லை. பச்சையம்மா விளக்கினார். மூன்று பேரும் சிரித்தார்களாம். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல் முன்னாலேயே வந்திருந்தால் பல்லின் அந்தப் பக்கம் உடைந்திருக்காதே என்றுதான் இருந்தது.

அடுத்து எந்த மாதிரி கேப் என்ற பேச்சு வந்தது. டாக்டர் இரண்டு மாதிரியை எடுத்துக் காட்டினார். ஒன்று வெள்ளை. பல்லோடு பல்லாக ஒன்றிப்போகும், பக்கத்தில் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்றார். இன்னொன்று உலோகத்தில் செய்தது. கடைவாய்க்கு அதுவும் நல்ல உறுதிதான், மெல்லிசாகச் செய்யலாம் என்பதால் பல்லையும் குறைவாக அராவினால் போதும், ஆனால் வாயைத் திறந்தால் பளிச்சென்று தெரியும். எல்லாரும் வெள்ளையைத்தான் விரும்புகிறார்கள் என்றும் சொல்லி வைத்தார்.

“தெரியாதுன்னா அது வேணாம்,” என்றார் வேடியப்பன். “பல்லு மாதிரி நடிக்கக் கூடாது. பூண் பூணாட்டம் தெரியணும்.”

மரக்க ஊசி போட்டுப் பல்லை அராவினார்கள். அந்தச் சத்தம் மட்டும் பிடிக்கவில்லை என்றார். களி மாதிரி ஒரு மாவை அச்சில் வைத்து அழுத்தி அளவு எடுத்தார்கள். கேப் வெளியூரில் தயாராகி வரும்வரை பிளாஸ்டிக்கில் ஒன்றை ஒட்டி, அந்தப் பக்கம் ஒட்டுகிற பண்டம் எதையும் மெல்லக் கூடாது என்றார்கள். புளியங்கொட்டையைப் பற்றி டாக்டரிடம் போட்டுக்கொடுத்தது பச்சையம்மா. அது இனி ஆயுசுக்கும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. உண்மையான கேப் வந்ததும் மாட்டிப் பார்த்து, நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, மேடாக இருந்த இடத்தைத் தேய்த்து, பசை வைத்து ஒட்டினார்கள். பூண் போட்டால் போதாது, ஈறும் பூணும் சேருகிற விளிம்பில் அழுக்குத் தங்கினால் உள்ளே பல் சொத்தையாகிவிடும், தினம் அந்த விளிம்பைத் தேய்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கேப் என்ற வார்த்தையை அன்று டாக்டர் வாயிலிருந்து கேட்கவில்லை என்று பச்சையம்மா சொன்னார்.

பல் நின்றுவிட்டது. பேர் பாக்கி இருந்தது. அடுத்த சந்தைக்கு வேடியப்பன் போகவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் போகவில்லை. மழை என்றார், முழங்கால் வலி என்றார். திருப்பத்தூர் பஸ்ஸில் மலைக்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர் பல் டாக்டர் வீட்டுப் படியேறியது அன்று சாயங்காலமே மலைக்கு வந்து சேர்ந்திருந்தது. சின்னராஜ் காதுக்கு அது போகாமல் இருக்க வழியில்லை. ஒருநாள் சொசைட்டிக்கு வந்து உட்கார்ந்த வேடியப்பன், பால் எடுக்கிற வண்டி போனதும், “பயமாத்தான் கீது,” என்றார். மாடு முட்டித் தூக்கிப் போட்டபோதுகூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கு இன்னொரு மாடு வேண்டும், வரும் சந்தைக்குக் கூட வாருங்கள் என்றேன். மாடு வாங்குகிற உத்தேசம் எனக்கு அதுவரை இல்லை.

சந்தையில் அன்று நல்ல கூட்டம். நான் மாடு பார்க்கிறேன் என்ற பேரில் அவர் பின்னாலேயே நடந்தேன். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரு ஜோடிக் காளையைப் பார்த்து வைத்திருந்தார், வேடியப்பனைக் கண்டதும் கூப்பிட்டார். விற்கிற பக்கம் நின்றது சின்னராஜ். வேடியப்பன் ஒரு கணம் தயங்கினார். பிறகு போய்க் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். உதட்டில் விரலை வைத்ததுதான் தாமதம், சின்னராஜ் வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்த வாயைத் திறந்தார். அவரிடம் இல்லை, கூட்டத்தைப் பார்த்து.

“மாட்டு வாய இத்தினி வருசமா பாத்தாச்சி. அண்ணன் வாய ஒருக்கா பாருங்கப்பா. அரம் போட்ட பல்லு.”

அன்றைக்குத் திரும்பின மாதிரியே சந்தை திரும்பியது. யாரோ சிரித்தார். ஏன் இவரை இழுத்துக்கொண்டு வந்தோம் என்றிருந்தது. வேடியப்பன் காளையின் உதட்டிலிருந்து விரலை எடுத்தார். கயிற்றை என் கையில் கொடுத்தார். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, தன் கட்டைவிரலைத் தன் வாயோரத்தில் நுழைத்து, மாட்டுக்குத் தள்ளுவதுபோலவே கன்னத்தை இழுத்துப் பிடித்தார். உள்ளே உலோகம் பளபளவென்று மின்னியது. விற்கிறவர் பக்கம் ஒரு தடவை, வாங்குகிறவர் பக்கம் ஒரு தடவை, மிச்சக் கூட்டத்துக்கு ஒரு தடவை என்று நிதானமாகத் திரும்பிக் காட்டினார். விரலை எடுத்துவிட்டு, மாட்டுக்குச் சொல்கிற அதே குரலில் உரக்கச் சொன்னார்:

“கெழடு. எடது பக்கம் கடவாப் பல்லு இல்ல. வலது பக்கம் ஒண்ணு அரம் போட்டது, மேல பூண் எறக்கியிருக்குது. வெள்ளப் பூண் குடுத்தாங்க, எவனுக்கும் தெரியாதுன்னாங்க. நான்தான் வேணாம்னேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு சின்னராஜைப் பார்த்தார். வாயை இல்லை, முகத்தை. “இத்த நான் விக்கறதுக்குக் கொண்டாரல சின்னராசு. மெல்லறதுக்கு வெச்சிக்கினு கீறேன்.”

சிரிப்பு மறுபடி எழுந்தது, இந்தத் தடவை வேறு பக்கத்திலிருந்து. சின்னராஜ் தலையைக் குனிந்து பீடி தேடினார். வேடியப்பன் என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து காளையின் உதட்டைத் தள்ளினார்.

“நாலு பல்லு,” என்றார்.

புதூர்நாட்டுக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, விலை பேச விரலை நீட்டினார்.